ஒன்பது பருவம், ஒரே ரைஃபிள்: .243 வின்செஸ்டருடன் என் அனுபவம்

சாப்டூர் மலையடிவாரத்தில் என் மாமாவுக்கு நான்கு ஏக்கர் மக்காச்சோளம். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருக்கிறது, 12 போர் அளவு. தேர்தல் அறிவித்தால் அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். மற்ற காலத்தில் பன்றிகளை விரட்ட வானத்தைப் பார்த்து வெடிக்கும். போன மாதம் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, எலி மாதிரி ஒன்றையும் மானையும் ஒரே துப்பாக்கியால் சுட்டேன் என்கிறாயே, அது எப்படிச் சரியாக வரும்?"

சரியாக வர எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

இது நம் ஊருக்கான யோசனை அல்ல. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. சிவராத்திரிப் பாரிவேட்டை என்று முயலைத் துரத்தினால்கூட வழக்குத்தான். நான் சொல்வது அமெரிக்காவில், கொலராடோவின் கிழக்குச் சமவெளியில், பிழைப்புக்காக இருந்த இடத்தில், 2012 முதல் 2020 வரை நடந்தது. அங்கே 1949இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறாமல் உரிமம் வாங்க முடியாது. கிரீன் கார்டு கைக்கு வந்ததும் அந்த வகுப்பில்தான் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி வேண்டியிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்தை பிரெய்ரி நாய்கள் சல்லடையாக்கியிருந்தன. பெயர்தான் நாய், வளை தோண்டி வாழும் அணில் இனம், ஒரு கிலோ சுமார் எடை. குளிர்காலத்தில் கன்றுக்குட்டிகளைத் தேடி கொயோட்டி என்ற சிறு ஓநாய் வரும். அக்டோபர் பிறந்தால் மியூல் மான், கழுதைக் காதும் நல்ல உடம்பும் உள்ளது. தோட்டாவின் பெயரில் வரும் எண் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில். சின்ன உயிர்களுக்கு .223, .22-250 போன்ற சிறு தோட்டாக்கள் அருமை. ஆனால் கொலராடோ விதிப்படி மானைச் சுடும் ரைஃபிளின் துளை .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குண்டு 70 கிரெயினுக்குக் குறையக் கூடாது. கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஆக, அந்த இரண்டும் தேர்விலேயே இல்லை. மறுபக்கம் .30-06 என்ற பெரிய தோட்டா மானுக்குப் போதும் போதும் என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அணில் சுட்டால் தோளும் போய்விடும், பணமும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நின்றது .243 வின்செஸ்டர்; அதன் பின்னுதை .30-06இல் பாதிதான். பண்ணைக்காரரின் பழைய .243, கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ஒன்று விலைக்கு வந்தது, வாங்கினேன்.

இந்தத் தோட்டாவின் கதையே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1955இல் வின்செஸ்டர் .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .243ஐக் கொண்டுவந்தது. அதே வருடம் ரெமிங்டன் .244ஐ இறக்கியது. இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான். பெரிய வித்தியாசம், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கில். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது; ரெமிங்டன், சின்ன உயிர்களுக்குத்தானே என்று 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த மெதுவான முறுக்கில் 100 கிரெயின் குண்டு சரியாக நிலைகொள்ளவில்லை. மானுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி தேடியவர்கள் எல்லாம் .243 பக்கம் போய்விட்டார்கள். முறுக்கைக் கூட்டிய ரெமிங்டன், 1963இல் பெயரையும் 6 மி.மீ. என்று மாற்றியது. அதற்குள் சந்தை முடிந்துவிட்டது. முறுக்கில் கைவைத்தவனுக்கு நஷ்டம் என்று மதுரைப் பலகாரக்கடைக்காரர்கள் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இனி என் முட்டாள்தனம். முதல் நான்கு வருடம் நான் இரண்டு குண்டு வைத்திருந்தேன். கோடையில் 58 கிரெயின். வினாடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் பாயும், பட்ட இடத்தில் சிதறும். இலையுதிர் காலத்தில் 100 கிரெயின். வினாடிக்கு 900 மீட்டர், ஆழமாகப் போகும். காகிதத்தில் பார்க்க மிகவும் அழகான ஏற்பாடு. ஆனால் எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். மேலே கீழே மட்டுமல்ல, சில குழல்களில் பக்கவாட்டிலும். ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைத் திருத்தி, காகிதத்தில் சுட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

2015 அக்டோபரில் காற்று அதிகம் என்று அதைத் தள்ளிப்போட்டேன், பிறகு மறந்தேபோனேன். 200 கெஜத்தில் பக்கவாட்டில் நின்ற ஆண் மான். தொலைநோக்கி கோடைக் குண்டுக்குத் திருத்தியது, உள்ளே இருந்ததோ மான் குண்டு. மார்புக்குக் கீழே மண் தெறித்தது, மான் ஓடைக்கு அப்பால் போய்விட்டது. அங்கே மான் உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும், ஏப்ரலிலேயே மனுப் போட வேண்டும். அந்த ஒரே சூட்டோடு என் பருவம் முடிந்தது. மறுநாள் காகிதத்தில் பார்த்தேன்: ஆறு அங்குலம் தாழ்வு, இரண்டு அங்குலம் இடது. காயப்பட்டு ஓடாமல் தப்பியதே அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். தாத்தா காலத்தில் பன்றிக்கு எல்.ஜி. என்ற பெரிய ஈய ரவை, காக்கைக்கு ஆறாம் நம்பர் என்ற பொடி ரவை என்று மாற்றி மாற்றிப் போடுவார்களாம். அது ரவை; பரந்து விழும், இரண்டு அங்குலம் தள்ளினால் யாருக்குத் தெரியும்? ஒற்றைக் குண்டில் அந்த வசதி கிடையாது.

அடுத்த வருடம் இரண்டையும் விட்டுவிட்டு 85 கிரெயின் ஒன்றோடு நின்றேன், சிதறாமல் விரிகிற வகை. 200 கெஜத்துக்குக் குறியைக் கட்டினேன், பிறகு அந்தத் திருகைத் தொடவே இல்லை. அதன் பிறகு குலுக்கலில் பெயர் விழுந்த வருடங்களில் எடுத்த நான்கு மான்களும் நெஞ்சில் பட்டு நூறு அடிக்குள் விழுந்தன. தூரமாக நின்றது 230 கெஜம். 300க்கு மேல் நான் சுடுவதில்லை. இந்த எடைக்கு அது நியாயமும் இல்லை. கொயோட்டிக்கும் அதே குண்டுதான். தோல் விற்பவர்களுக்கு ஓட்டை பெரிதாகத் தெரியும். பண்ணைக்காரருக்குக் கன்றுக்குட்டி பிழைத்தால் போதும்.

குறை உண்டு. இந்தத் தோட்டாவில் குழல் துளையின் அளவுக்கு வெடிமருந்து அதிகம், குழலின் தொண்டை, அதாவது குண்டு வரிகளுக்குள் நுழையும் இடம், சீக்கிரம் தேயும். பிரெய்ரி நாய்க் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் நாற்பது தோட்டா சுட்டால் குழல் தோசைக்கல்லாகிவிடும். புதிதில் 100 கெஜத்தில் மூன்று சூட்டை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடலாம். சுமார் இரண்டாயிரம் சூட்டுக்குப் பிறகு, 2019இல், காபி டம்ளரின் வாய் தேவைப்பட்டது. தேய்மானத்தில் முக்கால் பங்கு அந்த அணில்களின் கணக்கு. 2020இல் தோட்டாத் தட்டுப்பாடு வேறு வந்தது; .243 கடையில் கண்ணில் படவே இல்லை.

இன்று அங்கே இருந்திருந்தால்? மான் முக்கியம், கொயோட்டி எப்போதாவது என்றால் மறுபடியும் .243, 85 கிரெயின். நூற்றுக்கணக்கில் அணில் சுடும் வேலையென்றால் அதற்கென்று தனியாக ஒரு .223 வாங்கிவிடுவேன், இரண்டு துப்பாக்கி என்ற செலவு ஒரு குழலின் விலையைவிடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பும்முன் 2021இல் அதை விற்றேன். கட்டையில் ஒரு டேப் ஒட்டி, "85 மட்டும்" என்று தமிழில் எழுதியிருந்தேன். வாங்கிய இளைஞன் அது என்ன என்று கேட்டான். சொன்னேன். டேப்பை உரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போனான்.