ஏர் பம்ப் இல்லாமல் ஆர்ட்டீமியா பொரிக்கும் தட்டு: என் அனுபவம்

மீன் குஞ்சுகளுக்கு முதல் தீனி என்றால் எனக்கு ஆர்ட்டீமியாதான்: உப்புத் தண்ணீரில் வாழும், இறால் வகையைச் சேர்ந்த சின்ன உயிரி, டப்பாவில் வரும் அதன் முட்டையை வீட்டில் பொரித்துக் கொடுப்போம். பொரிந்த குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் துடித்துத் துடித்து நீந்தும். அந்த அசைவைக் கண்டதும் ஃபைட்டர் மீன் குஞ்சு உடம்பை வளைத்து நின்று, குறி பார்த்துப் பாயும். எவ்வளவு நல்ல பொடித் தீனியானாலும் இந்தப் பாய்ச்சல் வராது. நீண்ட காலம் பாட்டிலைக் கவிழ்த்து, ஏர் டியூப் விட்டுத்தான் பொரித்து வந்தேன். இப்போது தட்டு வகைக்கு மாறிவிட்டேன்.

பார்க்க மூடி போட்ட வட்டமான பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக வளையத் தடுப்புகள், நடுவில் ஒரு சிறு சல்லடைக் கிண்ணம். கறுப்பு மூடியில் அந்தக் கிண்ணத்துக்கு நேர் மேலே மட்டும் வெளிச்சம் இறங்க ஒரு துளை. உப்புத் தண்ணீரை ஊற்றி, வெளி வளையத்தில் முட்டையைத் தூவி மூடிவிட வேண்டும். பொரிந்த குஞ்சுக்கு வெளிச்சத்தை நோக்கிப் போகும் குணம் உண்டு. தடுப்புகளுக்கு அடியில் நுழைந்து நடுக் கிண்ணத்துக்கு வந்து சேரும். காலி ஓடுகள் மிதப்பதால் தடுப்பைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே நின்றுவிடும். தண்ணீர் ஆழமில்லாததால் மேற்பரப்பிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜனே போதும், பம்ப் தேவையில்லை. படுக்கை அறையில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைதி பெரிய விஷயம்.

எனக்கு இது பிடித்துப்போக முதல் காரணம் ஓடு. பாட்டில் முறையில் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே, பொரியாத முட்டை கீழே, குஞ்சு நடுவில் என்று பிரியும். ஆனால் எவ்வளவு பொறுமையாக உறிஞ்சினாலும் கொஞ்சம் ஓடு கூடவே வரும். மீன் குஞ்சு அதையும் விழுங்கினால் குடல் அடைக்கும் ஆபத்து இருக்கிறது. தட்டில் கிண்ணத்தைத் தூக்கினால் சல்லடையில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் மட்டும்தான், நடுவே ஒரு பழுப்புப் புள்ளியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி அப்படியே தொட்டியில் விடலாம். தின்று முடித்த ஃபைட்டர் குஞ்சின் வயிறு வெளியிலிருந்தே ஆரஞ்சாகத் தெரியும்.

இரண்டாவது காரணம்தான் இன்னும் முக்கியம். அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா எதையும் தின்னாது. உடம்பில் இருக்கும் மஞ்சள்கருவில்தான் வாழும், நம் மீனுக்குக் கிடைக்கும் சத்தும் அதுதான். ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போய்விடும். அப்போது சத்து குறைந்து, நிறம் வெளிறி, பிடிக்க முடியாத வேகத்தில் ஓடும். பாட்டிலில் ஒரே நேரத்தில் மொத்தமும் பொரிந்து குவிவதால், மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சமாளிக்க வேண்டும். தட்டில் குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம், இரண்டுமே புதுசு. ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வளர்ப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

சரி, குறைகள். முதலாவது அளவு. நிறைய முட்டையைக் கொட்டினால் வெளி வளையத்தில் ஆடைபோலப் படிந்து, அடியில் இருப்பது மூச்சுத் திணறிப் போகும். ஒரு சிட்டிகைக்கு மேல் நான் போடுவதில்லை. ஏஞ்சல் மீன் மாதிரி நூற்றுக்கணக்கில் குஞ்சு வைத்திருப்பவர்களுக்கு லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் முட்டை பொரிக்கும் பாட்டில்தான் சரி. இரண்டாவது சூடு. 26 முதல் 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிவது, அறை குளிர்ந்தால் இரண்டு நாள் வரை இழுக்கும். ஆழமில்லாத தண்ணீரில் ஹீட்டர் போட வழியில்லை, தொட்டியின் மூடி மேல் வெதுவெதுப்பான இடத்தில் வைப்பதுதான் உபாயம். மூன்றாவது, முட்டை போட்ட பிறகு தட்டை அசைக்கவே கூடாது. கொஞ்சம் தளும்பினாலும் ஓடு தடுப்பைத் தாண்டி நடுவுக்கு வந்துவிடும். நான் வாங்கியதில் சல்லடை வலை ஓரத்தில் பிரியவும் தொடங்கியது. அக்வேரியம் சிலிக்கான் தடவி ஒட்டியிருக்கிறேன், அதன் பிறகு தொல்லையில்லை. இந்த விலைப் பொருளில் இது வந்திருக்கக் கூடாது.

பெட்டியில் வந்த குறிப்பில் இல்லாத ஒன்று: உப்புத் தண்ணீரில் ஊறிய முட்டைக்கு ஆரம்பத்தில் வெளிச்சம் பட்டால்தான் நன்றாகப் பொரியும். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் மூடியைத் திறந்து, விளக்கின் கீழ் வைத்துவிட்டு அப்புறம் மூடுகிறேன். உப்பு லிட்டருக்கு 25 முதல் 30 கிராம். தண்ணீரின் பிஎச் 8க்குக் கீழே இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா.

ஓடு நீக்கிய முட்டையை இதில் போடாதீர்கள், ஓடு பிரிப்பதற்காகத்தானே இந்தத் தட்டே. முட்டை நல்லதாக இல்லையென்றால் எந்தத் தட்டாலும் பயனில்லை. வாங்கும்போது பொரிப்பு விகிதம் 90 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். டப்பாவைத் திறந்த பிறகு ஈரம் படாமல் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.