ஷியானில் ‘நிலத்தடி அரண்மனை’ காட்டுவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

சீனாவின் ஷியான் நகருக்கு, பழங்காலப் பேரரசர் ஒருவரின் கல்லறையருகே புதைக்கப்பட்ட களிமண் வீரர் சிலைகளான சுடுமண் படையைக் காணச் செல்பவர்கள் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேரரசர், அதாவது சீனாவின் முதல் பேரரசரான சின் ஷி ஹுவாங்கின் கல்லறை அறை இதுவரை திறக்கப்படவே இல்லை. கி.மு. 210-இல் இறந்த அவரைப் புதைத்த இடம், லிஷான் மலையடிவாரத்தில் மரங்கள் மூடிய பெரிய மண்மேடாக, அகழப்படாமலேயே இன்றும் இருக்கிறது. ஆகவே ‘நிலத்தடி அரண்மனை’ என்ற பெயரில் ‘கல்லறைக்குள் அழைத்துச் சென்று காட்டுகிறோம்’ என்று யார் சொன்னாலும், அவர்கள் காட்டப்போவது அண்மைக்காலத்தில் கட்டிய செட்டு மட்டுமே. இந்தப் பொய்யைச் சொல்லித்தான் என் பெற்றோரிடம் பணத்தையும் ஒரு பகற்பொழுதையும் பறித்தார்கள்.

என் தந்தையார் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். சின், ஹான், தாங் என்று அடுத்தடுத்த அரச மரபுகள் தலைநகர் அமைத்த அந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு அருகிலிருந்த சுற்றுலா முகவர் ஒருவர், சுடுமண் படை, பேரரசரின் கல்லறை, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஹுவாசிங் அரண்மனை, மாலையில் பெரிய காட்டு வாத்துக் கோபுரம் ஆகிய நான்கையும் ஒரே நாளில் காட்டுவதாக எழுதிக்கொடுத்துப் பணம் பெற்றார்.

காலையில் கிளம்பிய வேன் முதலில் நின்றது ஒரு ஜேட் கடையில். கதவருகே ஆள் நிற்க, விற்பனையாளர்கள் ஒவ்வொருவரையும் சூழ்ந்துகொண்டு வளையல்களை அணிவித்துப் பார்க்க, யாராவது வாங்கும்வரை வேன் நகரவில்லை. அடுத்தது களிமண் பொம்மைப் பட்டறை. அங்கும் அப்படியே. அதன்பிறகு வழிகாட்டி, ‘கல்லறைக்குத் தனிக் கட்டணம்’ என்று சொல்லி, உண்மையான அருங்காட்சியகத்தின் நுழைவுக் கட்டணத்தைவிடக் கூடுதலான தொகையை ஆளுக்கு ஆள் வசூலித்து, ஒரு கட்டடத்துக்குள் அழைத்துச் சென்றார். கூரையில் மின்விளக்கு நட்சத்திரங்கள், தரையில் வெள்ளிநிறக் கால்வாய், நடுவில் ஒரு பேழை. பேரரசர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான், கல்லறைக்குள் பாதரச ஆறுகளும் விண்மீன் கூரையும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். அந்த வருணனையை வைத்து யாரோ கட்டிய காட்சிக்கூடம் அது. ‘இது அகழ்ந்தெடுத்த இடமா?’ என்று அப்பா கேட்டபோது, வழிகாட்டி தயங்காமல் ‘ஆமாம்’ என்றார். அறிந்தே சொன்ன அந்தப் பொய்யை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

கல்லறையைத் திறக்காமல் வைத்திருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. சுடுமண் வீரர்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, அவர்கள்மேல் இருந்த வண்ணப்பூச்சின் அடியிலுள்ள அரக்குப் பூச்சு காற்றுப்பட்டுச் சில நிமிடங்களிலேயே சுருண்டு உதிரத் தொடங்கியது. நாம் இன்று சாம்பல் நிறத்தில் பார்க்கும் படை, ஒரு காலத்தில் வண்ணமயமாக நின்றது. உள்ளே இருப்பதைப் பாதுகாக்கும் வழி கைகூடும் முன் திறக்கக்கூடாது என்று ஆய்வாளர்கள் காட்டும் இந்தப் பொறுமையைத்தான் போலிகள் தங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 2017-இல், சுடுமண் படை இருக்கும் லின்டோங் பகுதியில் இருந்த ஒரு போலிச் சுடுமண் படைக் காட்சியிடத்தை அதிகாரிகளே உடைத்து அகற்றினார்கள் என்றாலும், இந்த ஏமாற்று ஓய்ந்துவிடவில்லை.

உண்மையான குழிகளுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் கழிந்துகொண்டிருந்தது. 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகளின் கையில் தட்டுப்பட்டு உலகுக்குத் தெரியவந்த முதல் குழியே 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது. அதை அவசரமாகச் சுற்றிவந்ததோடு எங்களைக் கிளப்பிவிட்டார்கள். முழந்தாளிட்ட வில்லாளர்கள் கிடைத்த இரண்டாம் குழியையும், படைத்தலைமையிடமாகக் கருதப்படும் மூன்றாம் குழியையும் நாங்கள் காணவில்லை. மண்மேட்டின் அருகே 1980-இல் கிடைத்த வெண்கலத் தேர்களைத்தான் அப்பா முதன்மையாகப் பார்க்க விரும்பினார். அவை இப்போது குழிகளின் அருகே இல்லை. மண்மேடு இருக்கும் லிஷான் பூங்காவில் அவற்றுக்கெனத் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. 120 யுவான் நுழைவுச்சீட்டிலேயே அந்தப் பூங்காவும் அங்கு செல்லும் இணைப்புப் பேருந்தும் அடங்கும் என்பதை வழிகாட்டி எங்களிடம் சொல்லவே இல்லை. ஹுவாசிங் அரண்மனையை வேனிலிருந்தே கைகாட்டினார். கோபுரத்துக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்.

காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற சுவடிகளைப் பாதுகாப்பதற்காக 652-இல் எழுந்த அந்தக் கோபுரத்துக்கு, மறுநாள் நாங்களே மெட்ரோவில் ‘தாயான்தா’ நிலையத்தில் இறங்கிச் சென்றோம். எந்தச் சிரமமும் இல்லை.

சுடுமண் படைக்கும் முகவர் தேவையில்லை. மெட்ரோ 9-ஆம் தடத்தில் ‘ஹுவாசிங்சி’ நிலையம் வரை சென்று, அங்கிருந்து நகரப் பேருந்தில் அருங்காட்சியகத்தை அடையலாம். சில யுவான்தான் செலவாகும். நுழைவுச்சீட்டை அருங்காட்சியகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில், கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நுழைவாயிலுக்குச் செல்லும் வழியில் ‘கல்லறைக்கு இப்படி’ என்று அழைப்பவர்களிடம் நின்று பேசாதீர்கள். காலையில் குழிகள், பிற்பகலில் லிஷான் பூங்கா என்று ஒரு முழு நாளையும் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, நியாயமற்ற குறைந்த விலை காட்டி ஆள்சேர்த்துக் கடைகளிலும் தனிக் கட்டண இடங்களிலும் தரகு பெறுவதைத் தடை செய்கிறது. அப்படி நடந்தால், பயணம் முடிந்த 30 நாட்களுக்குள், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் தனிக் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் பயணிக்கு உரிமை உண்டு. நகர அரசின் உதவி எண் 12345. விடுதி வரவேற்பாளரின் உதவியோடு நாங்கள் அதில் புகார் செய்தோம். ‘நிலத்தடி அரண்மனை’க்கு வாங்கிய தொகையை முகவர் திருப்பிக் கொடுத்தார். ஆனால் வேன் கட்டணத்தைக் கொடுக்கவில்லை. பயணத்திட்டம் எழுதிய தாளும் கட்டண ரசீதும் கையில் இருந்ததால்தான் அந்தத் தொகையாவது கிடைத்தது. ஆகவே ரசீது தர மறுப்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.