தரவுத்தளத்தில் இல்லை என்றால் செய்தியே வரவில்லை என்று ஆகாது: நூலகச் செய்தி வளங்கள், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

நூலக உறுப்பினர் எண்ணையும் பின் நம்பரையும் போட்டுச் செய்தித் தரவுத்தளத்துக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தித்தாள் என்றே எண்ணிவிடுகிறார்கள். நெக்சிஸ், ஃபாக்டிவா போன்ற தரவுத்தளங்களில் கிடைப்பது பெரும்பாலும் செய்தித்தாளிலிருந்து பிரித்தெடுத்த எழுத்து மட்டும்தான். புகைப்படம், வரைபடம், விளம்பரம் எதுவும் அதில் வராது. பக்கத்தின் தலையில் எட்டுப் பத்தி அகலத்தில் வந்த செய்தியும் மூலையில் நான்கு வரியாக வந்த துணுக்கும் திரையில் ஒரே மாதிரி தெரியும். பிரஸ்ரீடர் என்ற தளமோ அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டுகிறது. அன்றைய இதழையும் அண்மைக் கால இதழ்களையும் புரட்ட அதுவே வசதி. எவ்வளவு பின்னே போகலாம் என்பது மட்டும் இதழுக்கு இதழ் மாறும்.

எழுத்து வடிவத் தொகுப்பில் ஓட்டைகளும் உண்டு. 2001 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனி ஒப்பந்த எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்கள் அனுமதியின்றி மின் தரவுத்தளங்களில் சேர்த்தது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு வெளியீட்டாளர்கள் பழைய கட்டுரைகள் பலவற்றை நீக்கினார்கள். அச்சில் வந்த கட்டுரை தேடலில் சிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பல இதழ்களுக்கும் செய்தி அனுப்பும் செய்தி நிறுவனங்களின் செய்திகளையும் வெளியாரிடம் வாங்கிய பத்திக் கட்டுரைகளையும்கூட உரிமச் சிக்கலால் சில தொகுப்புகள் சேர்ப்பதில்லை. அதனால் தேடலைத் தொடங்கும் முன், அந்த இதழின் விவரப் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, முழு உரையா சுருக்கமா, புதிய இதழ்கள் எத்தனை நாள் தாமதமாகச் சேர்கின்றன. இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் "தேடினேன், கிடைக்கவில்லை" என்று எழுதுவது ஆய்வாகாது.

தேடலில் அதிகம் சறுக்குவது பெயர்களில்தான். லிபியாவின் கடாஃபியை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தே ஜி, கே, க்யூ என்று மாறும். ஒரே வடிவத்தை வைத்துத் தேடினால் பாதிச் செய்திகள் நழுவிவிடும். 1989க்கு முந்தைய செய்திகளுக்கு மியான்மர் என்று தேடினால் பயனில்லை, பர்மா என்றுதான் தேட வேண்டும். முதல் உலகப் போர் நடந்த காலத்து நாளிதழ்களில் அந்தப் போருக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'மகா யுத்தம்' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களைத்தான் தேட வேண்டும். எல்லா வடிவங்களையும் அடைப்புக்குறிக்குள் போட்டு 'ஆர்' (OR, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) கட்டளையால் இணைத்துவிடுங்கள்.

இரண்டு சொற்களை 'அண்ட்' (AND, இரண்டும் இருக்க வேண்டும்) போட்டு இணைத்தால், முதல் பத்தியில் ஒன்றும் கடைசிப் பத்தியில் மற்றொன்றும் வந்த சம்பந்தமில்லாத கட்டுரைகள் குவியும். இரண்டு சொல்லும் அருகருகே வரும் இடங்களை மட்டும் பிடிக்கும் அருகமைத் தேடல்தான் இதற்கு மருந்து. ஐந்து சொல் இடைவெளிக்குள் வேண்டுமானால் நெக்சிஸில் டபிள்யூ/5 (W/5), புரோக்வெஸ்ட் என்ற தரவுத்தளத்தில் நியர்/5 (NEAR/5), எப்ஸ்கோ என்ற இன்னொன்றில் என்5 (N5) என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். சொல்லின் வால் மாறினாலும் பிடிக்க புரோக்வெஸ்டில் நட்சத்திரக் குறி (*), நெக்சிஸில் ஆச்சரியக் குறி (!). ஒரு தளத்தின் இலக்கணத்தை இன்னொன்றில் போட்டால் பெரும்பாலும் பிழைச் செய்திகூட வராது. தவறான முடிவுகள் மட்டும் அமைதியாக வந்து நிற்கும்.

தேதியை ஒரே நாளாகக் கட்டுப்படுத்தாதீர்கள். மாலையில் நடந்தது மறுநாள் காலை இதழில்தான் வரும். நேர மண்டலம் குறுக்கிட்டால் இன்னும் ஒரு நாள் தள்ளும். நிகழ்ந்த நாளோடு மூன்று நாள் சேர்ப்பது நல்லது. திருத்த அறிவிப்புகளுக்காக இரண்டு வாரம் கழித்தும் ஒரு தேடல் போடுங்கள். திருத்தம் மூலக் கட்டுரையோடு ஒட்டாமல் தனிப் பதிவாகக் கிடப்பது வழக்கம்.

நாற்பது இதழ்களில் ஒரே செய்தி இருந்தால் நாற்பது சான்றுகள் என்று எண்ண வேண்டாம். முதல் பத்தியை ஒப்பிட்டால் ஒரே செய்தி நிறுவனத்தின் அறிக்கை என்பது தெரிந்துவிடும். அப்போது அது ஒரே ஒரு சான்றுதான்.

பழைய இதழ்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்லிங் அமெரிக்கா, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் ஆகிய இணையத் தளங்கள் இலவசம். இவற்றில் பக்கப் படத்திலிருந்து இயந்திரம் எழுத்தைப் படித்தெடுக்கிறது. மங்கிய மையும் மடிப்பும் அதைக் குழப்பும், வரியிறுதியில் உடைந்த சொல் இரண்டாகிவிடும். ட்ரோவில் வாசகர்களே பிழை திருத்தலாம் என்பது மிகப் பெரிய உதவி. பெயர் சிக்காவிட்டால் அதே செய்தியில் வரக்கூடிய தெரு, கப்பல், நீதிமன்றம் போன்ற வேறு சொல்லைத் தேடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி.

இதழின் பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த படச்சுருளான மைக்ரோஃபிலிமை ஒதுக்கிவிடாதீர்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் முழுப் பக்கமும் இருக்கிறது, தரவுத்தளம் விட்டது பெரும்பாலும் அங்கே கிடைக்கும். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் சுருள் புரண்டிருக்கிறது என்று பொருள். பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். சுருளில் வினிகர் வாடை அடித்தால் சுருள் செய்யப்பட்ட அசிட்டேட் என்ற பொருள் சிதையத் தொடங்கிவிட்டது. உடனே நூலகரிடம் சொல்லுங்கள், பக்கத்துச் சுருள்களும் கெடும்.

நாளிதழ்களின் இணையத் தளங்களுக்குச் சில நூலகங்கள் 24 அல்லது 72 மணி நேர அனுமதி தருகின்றன. காலம் முடிந்தால் நூலகத் தளம் வழியாகவே மறுபடி போக வேண்டும். நேரே போனால் கட்டணச் சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

கிடைத்ததைச் சேமிக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையை நகலெடுக்காதீர்கள். அமர்வு முடிந்ததும் அந்த முகவரி செத்துவிடும். கட்டுரைப் பக்கத்தில் நிரந்தர இணைப்புக்குத் தனிப் பொத்தான் இருக்கும். அதோடு பிடிஎஃப் கோப்பையும் இறக்கி வையுங்கள், நூலகம் சந்தாவை நிறுத்தினால் இணைப்பும் போய்விடும். இதழின் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் நான்கையும் எழுதுங்கள். காலைப் பதிப்பின் 3ஆம் பக்கச் செய்தி கடைசிப் பதிப்பில் 7ஆம் பக்கத்துக்குப் போயிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

ஒன்றுமே சிக்காத தேடலையும் குறித்து வையுங்கள்: எந்தத் தரவுத்தளம், எந்தச் சொற்கள், எந்தத் தேதி வரம்பு, தேடிய நாள். நூலகரிடம் உதவி கேட்கப் போகும்போது அவர் முதலில் கேட்பது இந்த நான்கையும்தான்.