காளியும் சுந்தரவடிவேலுவும்

மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) ஆகிய இரண்டு படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

முன்னதில் ரஜினிகாந்தின் காளி, கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் விஞ்ச் என்னும் இயந்திரத்தை இயக்குபவன். ஒரு கையை இழந்த பிறகும் வீம்பை இழக்காத அவன், தங்கை வள்ளியைத் தன் மேலதிகாரியான பொறியாளருக்கு மணமுடித்துக் கொடுக்கச் சம்மதிக்கும் கணத்திலும், அவரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். அந்த நேர்மை என்னை ஒவ்வொரு முறையும் கலங்க வைக்கிறது. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

'உதிரிப்பூக்கள்' தரும் வலி வேறு வகையானது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய இப்படத்தில், விஜயன் நடித்த சுந்தரவடிவேலு குரலை உயர்த்தாமலேயே கொடுமை செய்பவன். ஊரார் அவனை ஆற்றுக்குள் இறங்கி உயிரைவிடச் செய்யும்போது, உங்களையும் என்னைப் போல் மாற்றிவிட்டேனே என்னும் பொருளில் அவன் பேசுவதைக் கேட்டபின், அதுவரை அவன்மீது வளர்த்த வெறுப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காளியின் கதை முடிவில் கண்ணீர் வந்து மனம் இலேசாகிறது. இங்கோ, கரையில் தனித்து விடப்படும் சுந்தரவடிவேலுவின் குழந்தைகள் படம் முடிந்த பிறகும் கூடவே வருகிறார்கள். இளையராஜாவின் இசை இரண்டிலும் உண்டு. ஆயினும் பின்னதில் அது அடங்கி நிற்கும் இடங்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.