செவிலியர் மாணவருக்கான 25 திசு ஸ்லைடுகள் கொண்ட பெட்டி: வாங்கலாமா?

செவிலியர் பட்டப்படிப்பின் முதல் பருவத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும் பாடங்களாக வருகின்றன. உயிரணு, திசு, சுரப்பி என்ற வரிசையில் தொடங்கும் இந்தப் பாடங்களைச் சுவரில் மாட்டிய வண்ணப்படத்தைக் கொண்டே நடத்தி முடிக்கும் வகுப்பறைகள் பல உண்டு. அந்தக் குறையைப் போக்க, சாயமேற்றி ஆயத்தமாக விற்கப்படும் 25 ஸ்லைடுகள் அடங்கிய பெட்டி ஒன்றை இணையவழியில் வரவழைத்து, சாதாரண இருகண் நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஏறத்தாழ இதே உள்ளடக்கம் கொண்ட பெட்டிகள் பல வணிகப் பெயர்களில் கிடைப்பதால், விற்பனையாளரின் பெயரைத் தவிர்த்துவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் செய்நேர்த்தி. வழக்கமான 75 × 25 மில்லிமீட்டர் கண்ணாடி, ஓரங்கள் மழுக்கப்பட்டவை. மேல்மூடிக் கண்ணாடியின் அடியில் காற்றுக்குமிழிகள் அதிகமில்லை. திசுவை மெழுகில் பதித்து ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவதே முறை. பெரும்பாலானவை அந்த அளவுக்கு அருகில் இருப்பதை உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தெரிவதிலிருந்து ஊகிக்கலாம். தோல் ஸ்லைடு மட்டும் தடிமனாகச் சீவப்பட்டிருக்கிறது. 40 மடங்கு லென்ஸில் மேல்தோலின் அடியடுக்கு ஒரே நீலப்பட்டையாகத் தெரிகிறது. இளஞ்சிவப்பு நிறம் தரும் இயோசின் சாயம் வெளிச்சத்தில் வெளிறக்கூடியது என்பதால் பெட்டியை மூடிய அலமாரியில் வைப்பது நல்லது. அதைச் சொல்லும் குறிப்பு எதுவும் பெட்டியில் இல்லை.

சுரப்பிகளுக்கான ஸ்லைடுகளே இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு. தைராய்டு ஸ்லைடை 10 மடங்கு லென்ஸில் வைத்தவுடன், ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் சூழப்பட்ட நுண்ணறைகளும் அவற்றின் நடுவே இளஞ்சிவப்பு நிறக் கொலாயிடு என்ற கூழ்ப்பொருளும் தெளிவாகத் தெரிகின்றன. மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் பல தம் ஹார்மோனை உயிரணுக்களுக்குள்ளேயே வைத்திருக்க, தைராய்டு மட்டும் தைரோகுளோபுலின் என்ற புரத வடிவில் உயிரணுவுக்கு வெளியே பெருமளவில் சேமிக்கிறது. அந்தச் சேமிப்பு இரண்டு மூன்று மாதங்களுக்குப் போதுமானது. தைராய்டு மிகைச் சுரப்புக்கான கார்பிமசோல் மருந்தைத் தொடங்கிய நோயாளிக்கு அறிகுறிகள் தணியச் சில வாரங்கள் ஆவது ஏன் என்று பின்னாளில் வார்டில் கேட்கப்போகும் மாணவிக்கு, அந்தச் சிவப்புத் தேக்கத்தை இப்போதே காட்டிவிடலாம். மருந்து புதிய ஹார்மோன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது, ஏற்கெனவே சேமித்ததை அழிப்பதில்லை என்ற ஒரே விளக்கம் போதும்.

கணைய ஸ்லைடும் குறைசொல்ல முடியாதது. செரிமான நொதிகளைச் சுரக்கும் குலைகளின் அடிப்பகுதி நீலமாகவும், நொதித்துகள்கள் நிறைந்த உட்பகுதி சிவப்பாகவும் பிரிந்து தெரிகிறது. ரைபோசோம்கள் நிறைந்த கரடுமுரடான எண்டோபிளாச வலை எங்கே இருக்கிறது, அது தயாரித்த புரதம் எங்கே சென்று காத்திருக்கிறது என்ற உயிரணுப் பாடத்தை இந்த இரு நிறங்களே சொல்லிவிடுகின்றன. குலைகளுக்கு நடுவே வெளிறிய தீவுகளாக, 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்த உயிரணுத் திட்டுகள் இருக்கின்றன. நாளமுள்ள சுரப்பியும் நாளமற்ற சுரப்பியும் ஒரே உறுப்பில் அடுத்தடுத்து இருப்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஸ்லைடு இல்லை. ஆனால் பெட்டியுடன் வரும் ஒற்றைத்தாள், இந்தத் தீவுகளில் குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா, இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களைக் ‘காணலாம்’ என்கிறது. திசுக்களுக்கு வழக்கமாக ஏற்றும் ஹிமாடாக்சிலின்–இயோசின் சாயத்தில் அவற்றைப் பிரித்தறிய இயலாது. அதற்குத் தனிச் சாயங்களோ, எதிர்ப்பொருள்களைக் கொண்டு அடையாளம் காட்டும் நோயெதிர்ப்புச் சாயமோ தேவை. தாளை நம்பித் தேடும் மாணவர், கண்ணுக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிப் பழகிவிடுவார்.

என் முதன்மையான குறை இங்கிருந்து தொடங்குகிறது. ஸ்லைடில் இருப்பது உயிருள்ள திசு அல்ல. ஃபார்மலினில் கெட்டிப்படுத்தி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் தோய்த்து, மெழுகில் பதித்த பிறகு எஞ்சியிருப்பது. இந்தப் பயணத்தில் கொழுப்பு கரைந்துபோகிறது. கொழுப்புத் திசு ஸ்லைடில் வெற்று வளையங்களின் வலை மட்டும் தெரிவதும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் புறணியில் நடுவடுக்கு நுரைத்தாற்போல் வெளிறிக் கிடப்பதும் இதனால்தான். கார்ட்டிசால் தயாரிக்கும் அந்த அடுக்கில் மூலப்பொருளான கொலஸ்ட்ரால் துளிகளாகத் தேங்கியிருந்தது, அந்தத் துளிகள் இருந்த இடமே இந்த வெறுமை என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால், ஸ்டீராய்டு ஹார்மோன்களைப் பற்றிய பாடமே அங்கு தொடங்கியிருக்கும். சிறுகுடல் ஸ்லைடிலும் இதே நிலை: சளி சுரக்கும் கோப்பை உயிரணுக்கள் வழக்கமான சாயத்தை ஏற்பதில்லை என்பதால் ஓட்டைகளாகவே தெரிகின்றன. சளியிலுள்ள சர்க்கரைப் பொருளைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயமேற்றினால் அவையே அடர்ந்த கருஞ்சிவப்பாக எடுப்பாகத் தெரியும். 25 ஸ்லைடுகளில் ஒன்றுகூட அந்தச் சாயத்தில் இல்லை.

லேபிள்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. உறுப்பின் பெயரும், குறுக்குவெட்டைக் குறிக்கும் ‘டி.எஸ்.’ என்ற இரண்டெழுத்தும் இருக்கின்றன. எந்த விலங்கின் திசு என்பதும் எந்தச் சாயம் என்பதும் இல்லை. இது அற்பக் குறை அன்று. மனித உணவுக்குழாயின் உட்புறம் கெரட்டின் என்ற கடினப் புரதம் படியாத பல்லடுக்குத் தட்டை எபிதீலியத்தால் (மேற்பரப்புத் திசுவால்) ஆனது என்று நாம் கற்பிக்கிறோம். பெட்டியில் உள்ள உணவுக்குழாயிலோ மேற்பரப்பில் உட்கருவற்ற கெரட்டின் படலம் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. எலி, சுண்டெலி ஆகியவற்றின் உணவுக்குழாய் அப்படித்தான் இருக்கும்; ஆக, ஸ்லைடு பொய் சொல்லவில்லை, லேபிள்தான் உண்மையை மறைக்கிறது. கண்ணால் கண்டதையும் பாடநூலில் படித்ததையும் பொருத்திப் பார்க்கும் நல்ல மாணவரே இங்குக் குழம்புவார் என்பது வருத்தத்திற்குரியது.

உயிரணுப் பிரிதலுக்கு வெங்காய வேர்நுனியைக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்திற்கு அது சரி. 16 குரோமோசோம்கள் பெரிதாகத் தெரியும், எண்ணிப்பார்க்கவும் முடியும். மருத்துவம் சார்ந்த மாணவர்களுக்கோ, பிரிதலை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்புகள் உள்ள, நடுவில் இறுகிப் பிரிகிற விலங்கு உயிரணுவைத்தான் காட்ட வேண்டும். வெங்காயத்தில் சென்ட்ரியோலும் இல்லை, இறுகலும் இல்லை, குறுக்கே புதிய சுவர் ஒன்று எழுகிறது.

உயிரணுவின் உள் வேலைகளுக்கு இந்தப் பெட்டியை நம்பவும் கூடாது. ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. உயிரணுச் சவ்வின் தடிமனோ 7 முதல் 8 நானோமீட்டர்தான். மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும், சவ்வில் அமைந்த பம்பைக் கரும்பலகையில்தான் விளக்க முடியும். விளம்பரத்தில் ‘உயிரணு உடலியங்கியல் செட்’ என்று பெயர் சூட்டியிருப்பது சற்றுத் துணிச்சலான செயல்.

மற்றவை சுருக்கமாக. எலும்புத்தசையின் வரிகள் நன்று. இதயத்தசை உயிரணுக்களை இணைக்கும் இடைத்தட்டுகள் தேடினால் கிடைக்கும். மூச்சுக்குழாயில் குறுயிழைகளும் கண்ணாடிக் குருத்தெலும்பும் ஒரே பார்வைப் புலத்தில் அமைந்திருப்பது வசதி. இரத்த உயிரணுக்களுக்கான லீஷ்மன் சாயமேற்றிய இரத்தப்பூச்சு சிறப்பாக இருக்கிறது: அதன் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 7.5 மைக்ரோமீட்டர் விட்டமுடையவை என்பதால், மற்ற உயிரணுக்களின் அளவை மாணவர்கள் அவற்றோடு ஒப்பிட்டே கணிக்கப் பழகலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் காதருகே உள்ள பரோட்டிட் மட்டும் இருக்கிறது. அது முழுக்க நீர்த்தன்மையான சுரப்பி. சளிக் குலைகளையும் நீர்க் குலைகளையும் அருகருகே காட்டும் கீழ்த்தாடைச் சுரப்பியைத் தந்திருந்தால் ஒரே கண்ணாடியில் இரு வகையையும் நடத்தியிருக்கலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில நிறுவனங்கள் திசு ஸ்லைடுகளின் எண்மப் படிமங்களை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கையில், பணம் கொடுத்துக் கண்ணாடி வாங்குவானேன் என்று கேட்கலாம். எண்மப் படிமத்தில் தரம் உயர்வு, விளக்கமும் உண்டு. ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் இடம் கண்டுபிடித்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, நுண்திருகைத் திருப்பிக் குவியத்தை எட்டும் கைப்பழக்கம் கணினித் திரையில் வராது. ஆய்வகத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு அந்தப் பழக்கம்தான் பிழைப்பு. செவிலியர் மாணவர்களுக்கு அத்தனை அவசியமில்லை. ஆகவே தனியொரு மாணவர் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். நல்ல நுண்ணோக்கிகள் உள்ள கல்லூரி வாங்கலாம். ஆனால் விலங்கின் பெயரையும் சாயத்தின் பெயரையும் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணம் செலுத்த வேண்டும். வெங்காய வேருக்குப் பதிலாக விலங்கு உயிரணுப் பிரிதலையும், கூடுதலாகப் பி.ஏ.எஸ். சாயமேற்றிய சிறுகுடலையும் கீழ்த்தாடைச் சுரப்பியையும் உதிரியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டால், திசுக்களுக்கும் சுரப்பிகளுக்கும் வேறு பெட்டி தேட வேண்டியிராது.