லீக் முறையா, விலகல் முறையா: வன்னியின் சுற்றுப்போட்டிகளுக்கு எது பொருந்தும்?

அணிகள் அனைத்தும் ஒன்றோடொன்று ஆடிப் புள்ளி சேர்க்கும் லீக் முறை, ஒரு பருவம் முழுவதும் காட்டிய திறமையை மதிக்கிறது. தோற்ற அணி அன்றே வெளியேறும் விலகல் முறையோ அன்றைய நாளின் ஆட்டத்தை மட்டுமே மதிக்கிறது. அமெரிக்க பேஸ்போலில் ஒவ்வோர் அணியும் முதலில் 162 ஆட்டங்கள் ஆட, முன்னிற்பவை மட்டும் இறுதிக்கட்டத்துக்குச் செல்கின்றன. 2001இல் 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் மரைனர்ஸ், இறுதிப்போட்டியான உலகத் தொடரை எட்டாமலே வெளியேறியது. 2006இல் 83 வெற்றிகளே பெற்றிருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அதே உலகத் தொடரை வென்றது. மாதக்கணக்கான உழைப்பைச் சில நாட்கள் மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் கணக்கு வேறு. எட்டுக் கழகங்கள் விலகல் முறையில் ஆடினால் 7 ஆட்டங்கள் போதும். லீக் முறைக்கு 28 வேண்டும். காலபோக நெல் விதைப்புக்கும் மழைக்கும் முன்னர், வயலில் நிற்கும் இளைஞர்களை வைத்து 28 ஆட்டங்களை முடிப்பது கடினம். ஆயினும், துணுக்காயிலிருந்து முள்ளியவளைக்குப் பேருந்தேறி வரும் எல்லே (பேஸ்போலைப் போல மட்டையால் பந்தடித்து ஓடும் ஆட்டம்) அணி ஒரே ஆட்டத்தோடு திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் அதற்காக எத்தனை மாலைகள் பயிற்சி செய்திருப்பார்கள்! நான்கு நான்காக இரு குழுக்கள் அமைத்து, அதன்பின் அரையிறுதியும் இறுதியும் வைத்தால் 15 ஆட்டங்களில் முடியும்; எந்த அணியும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடும்.