டவுன்ஹால் பக்கத்துல பழைய சாமான் கடை, 1897 மாடல் பிரிட்டிஷ் ஆபீசர் வாள்

கோயமுத்தூர்ல பழைய பொருள் சேக்கறவங்க தாராளமா நம்பிப் போலாமுங்க இந்தக் கடைக்கு, டவுன்ஹால்ல இருந்து உக்கடம் போற வழியில ஒரு சந்துக்குள்ள இருக்குது, வெளிய பித்தளை அண்டாவும் குத்துவெளக்குந்தான் தெரியும். நான் வாங்குனது பிரிட்டிஷ் காலாட்படை ஆபீசர் வாள், 1897 பேட்டர்ன். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா சாமான ஏலத்துல எடுத்தப்ப வந்துச்சுன்னு கடைக்காரண்ணன் சொன்னாருங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது, அவரு இத பாலீஷ் போடாம வெச்சிருந்ததுதான். நம்மூர்ல பழசுன்னாலே புளி போட்டுத் தேச்சு, இல்லாட்டி பஃப் அடிச்சு பளபளன்னு ஆக்கித்தான் விக்கறாங்க, வாளுக்கு அப்புடிப் பண்ணுனா போச்சுங்க, அலகுல இருக்கற பூவேலை, கம்பெனி பேரு, ஆபீசரோட இனிஷியல் எல்லாம் ஆசிட்ல லேசா அரிச்சு எடுத்தது, எமரி பேப்பர்ல ரெண்டு இழுப்பு இழுத்தா மங்கிரும். அப்பறம் யாரோட வாளுன்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது? அந்தக் காலத்துல ஆபீசருங்க சொந்தக் காசுலதான் வாள் வாங்கோணும், அதனாலதான் பல பேரு இனிஷியல் போட்டுக்கிட்டாங்க.

இதுல மூணு எழுத்து நல்லாவே தெரியுது. அலகு நேரா 32½ இஞ்சு, வெட்டறதுக்கில்ல, குத்தறதுக்குன்னே பண்ணுனது. கைப்பிடில திருக்கை மீன் தோலு, கறுத்துப்போயி பொரிபொரியா இருக்கு, வேர்த்த கையில புடிச்சாலும் வழுக்கல. மேல சுத்துன கம்பி ஒரு எடத்துல தளந்திருக்கு, அண்ணனே அதக் காட்டிட்டுத்தான் வெலை சொன்னாரு. கைய மறைக்கற இரும்புத் தகட்டுல ஜார்ஜ் மன்னரோட முத்திரை, நடுவுல ரோமன் அஞ்சு, அஞ்சாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1910-ல, அப்ப அதுக்குப் பின்னாடி வந்ததுதான். அலகோட முதுகுல, பிடிக்குப் பக்கத்துல, டார்ச் அடிச்சா ஒரு நம்பர் தெரியும், இதப் பண்ணுன லண்டன் வில்கின்சன் கம்பெனி வாளுக்கு உயிரே அதுதானுங்க, ஏன்னா அவங்க வித்த கணக்குப் புக்கு இன்னும் இருக்குது.

நம்பரக் குடுத்துத் தேடுனதுல 1912-ல வாங்குனவரு பேரு கெடச்சுது, மூணு எழுத்தும் பொருந்துச்சு. அதே வருசம் செகண்ட் லெப்டினன்ட்டா சேந்திருக்காருன்னு லண்டன் கெஜட்ல, அதாவது பிரிட்டிஷ் அரசிதழ்ல இருக்குது. 1914-ல சண்டை ஆரம்பிச்சதும், வாள் புடிச்சவன் ஆபீசருன்னு தூரத்துல இருந்தே பாத்து சுட்டதால எல்லாரும் வாளக் கீழ வெச்சுட்டாங்க, அதனால இவருக்கு என்ன ஆச்சோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. சண்டை முடிஞ்ச பின்னாடி வந்த ராணுவ லிஸ்ட்ல கேப்டன்னு அவரு பேரப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோசம். சொந்தக்காரங்க இருப்பாங்க, அதனால பேர இங்க போடல.

கொறைன்னா தோல் உறை மட்டுந்தான், நுனி பிஞ்சிருக்கு. வெலை கொஞ்சம் கூடத்தான், ஆனா பில்லு உண்டு, தொல்பொருள் விக்கற லைசென்சும் கேட்டதும் காட்டுனாருங்க. நூறு வருசம் தாண்டுன சாமான், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வாங்கறவங்க இதத் தெரிஞ்சுக்கோங்க.

கடையில இன்னொரு வாள் கெடக்குது, பித்தளைப் பிடி, விக்டோரியா ராணி முத்திரை போட்டது. யாராச்சும் போனா அதோட முதுகுல நம்பர் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.